அமெரிக்காவின் சார்ட்டர் பாடசாலையை யார் நடத்துகிறார்கள்?

துணுக்காய்த் தாய்:
வணக்கம். மினசோட்டாவில் அக்காவின் மகன் சார்ட்டர் பாடசாலை ஒன்றில் படிக்கிறான். கட்டணம் இல்லை, செலவு அரசினுடையது, ஆனால் நடத்துவது வேறு ஆட்களாம். அப்படியென்றால் அதிபரை நியமிப்பது யார்? பிழை நடந்தால் யாரிடம் கேட்பது? நான் இங்கே இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போய் ஒரு தவணை முடிந்துவிட்டது. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

மாங்குளம் வாத்தியார்:
பிள்ளை, அதற்கான முதல் சட்டம் வந்ததே மினசோட்டாவில்தான், 1991இல். பாடசாலை தொடங்க விரும்பும் குழு முதலில் அனுமதி வழங்கும் அமைப்பொன்றிடம் போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதுவார்கள்: பிள்ளைகள் எந்த மட்டத்துக்கு வரவேண்டும், பணம் எப்படிக் கையாளப்படும் என்றெல்லாம் அதில் இருக்கும். அதை நிறைவேற்றாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பாடசாலையை மூடவும் நேரும். அதிபரை நியமிப்பது பாடசாலையின் நிர்வாக சபை. மினசோட்டாவில் அந்தச் சபையில் ஆசிரியரும் பெற்றோரும் கட்டாயம் இருக்க வேண்டும், கூட்டங்களும் எல்லோருக்கும் திறந்தவை. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்கல்தான்.

எங்களிடமும் இதற்குக் கிட்டிய ஒன்று இருந்தது. மிஷன்களும் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் அரசின் உதவிப் பணத்தில் பாடசாலைகள் நடத்தின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அவற்றில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின.

முறிகண்டி அண்ணை:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அங்கே பணம் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வரும். எங்கள் காட்டோரக் கிராமங்களில் சில பாடசாலைகளில் தரத்துக்குப் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. அந்தக் காசில் கணித ஆசிரியரை எப்படிப் பிடிப்பது? யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களே பஸ்ஸைப் பார்த்து ஓடவேண்டி இருக்கிறது. பாடசாலையை மூடினால் நகரத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். ஐயன்கன்குளத்துப் பிள்ளை எங்கே போகும்? மூடும் அதிகாரத்தை இங்கே கொண்டுவரவே கூடாது.

துணுக்காய்த் தாய்:
நன்றி ஐயா, அண்ணை. மூடுவது எனக்கும் வேண்டாம். ஆனால் வாக்கை எழுத்தில் வாங்கி, எல்லோர் முன்னும் கணக்குக் கேட்கும் வழி எங்களுக்கும் வேண்டும். கணித ஆசிரியரை எந்தத் திகதிக்குள் அனுப்புவார்கள் என்று வலயம் எழுத்தில் தரவேண்டும் என அடுத்த சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வாத்தியார், அதன் வாசகத்தை எழுதித் தருவீர்களா?