அந்தமான் வரைபடத்தில் நீலக் கோடுகள்: ஆறா, கடலா?

பயணப்பை: பிப்ரவரியில் பாராடாங் தீவுக்குப் போகிறோம். வரைபடத்தில் தெற்கு அந்தமானுக்கு வடக்கே நூல் போல நீலக் கோடுகள் தீவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகின்றன. கிளைகள் வேறு காட்டுக்குள் நுழைகின்றன. இவை ஆறுகளா? அம்மா ஆற்றைக் கண்டால் குளிக்காமல் வரமாட்டார்.

மணிவாசகம்: ஆறுதான். சுண்ணாம்புக் குகைக்கு அதில்தான் படகில் போனோம். அலையே இல்லை.

ரங்கத்வாசி: மணிவாசகம் ஐயா ஒரு வாய் அள்ளிக் குடித்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உப்புக் கரிக்கும்; அது கடல்நீர். நடு அந்தமானில் உள்ள ரங்கத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அப்போது இந்தக் கோடுகளைப் படகில் கடக்காமல் போர்ட் பிளேருக்கு வர முடியாது. பாராடாங்குக்கும் நடு அந்தமானுக்கும் இடையிலுள்ள ஹம்ஃப்ரி நீரிணைக்கு 2019-இல்தான் பாலம் வந்தது.

பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைதூக்கும் முகடுகளே இந்தத் தீவுகள். பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் உப்புநீர் புகுந்துகொண்டது. அப்படி உள்ளே நுழைந்த கடல்நீர்க் கால்களை உள்ளூரில் கிரீக் என்பார்கள்.

கடல் ஏறியிருக்கும்போது பார்த்தால் கரையோரக் கண்டல் (அலையாத்தி) மரங்களின் இலைகள் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வற்றியதும் பாருங்கள்: இலைகளின் அடிவிளிம்பு கத்தரியால் வெட்டியதுபோல ஒரே மட்டம்; கீழே சேறு அப்பிய வேர்கள், அவற்றில் ஒட்டிய சிப்பிகள். ஒருமுறை எங்கள் டிங்கி, அதாவது சிறு படகு, அந்தச் சேற்றில் தட்டி மூன்று மணிநேரம் உட்கார்ந்தோம். கொசுக்களுக்கு விருந்து.

2004 நிலநடுக்கத்தில் அந்தமான் தீவுக்கூட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வடமேற்கில் இன்டர்வியூ தீவுப் பக்கம் கரை சுமார் ஒரு மீட்டர் எழும்பிப் பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. தெற்கே போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட் என்ற ஊரில் நிலம் தாழ்ந்து வயலுக்குள் கடல் வந்தது, இன்னும் திரும்பவில்லை. பழைய வரைபடத்தை நம்பாதீர்கள்.

அம்மாவை இந்தக் கிரீக்குகளில் இறக்காதீர்கள். உப்புநீர் முதலைகள் உண்டு.

பயணப்பை: முதலை என்றதும் அம்மா குளியலறை வாளியே போதும் என்கிறார். ஆறு என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லையா?

ரங்கத்வாசி: இருக்கிறது. வடக்கு அந்தமானின் சேடில் சிகரத்தில் பிறக்கும் கல்பாங் ஆறு. ஆனால் அதற்கு டிக்லிபூர்வரை போகவேண்டும். பாராடாங்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முயலாதீர்கள்.