பெயரில்லாத பித்தளை லென்ஸ்: வெட் பிளேட் உருவப்படத்துக்குத் தாங்குமா?

கேள்வி:

வணக்கம். 4×5 அங்குல கேமராவில் வெட் பிளேட் (ஈர ரசாயனம் பூசிய தகட்டிலேயே படம் பிடிக்கும் பழைய முறை) உருவப்படம் எடுக்க ஒரு பழைய பித்தளை லென்ஸ் வாங்கியிருக்கிறேன். பெயர், எண் எதுவும் பொறித்திருக்கவில்லை. முன் கண்ணாடி குறுக்காக 5 செ.மீ. இருக்கும். ஷட்டர் இல்லை, ஸ்டாப் (வெளிச்சத்தைக் குறைக்கும் துளையிட்ட தட்டு) சொருகும் பிளவும் இல்லை. கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) முகம் எங்கேயுமே கூர்மையாக விழவில்லை. நடுவில்கூட பனி மூடின மாதிரி இருக்கிறது. பழைய லென்ஸ் என்றாலே இப்படித்தானா? இதையே வைத்துக்கொள்ளலாமா, டால்மேயர் (பழைய ஆங்கிலேய லென்ஸ் நிறுவனம்) மாதிரி பெயருள்ள ஒன்றுக்குக் காசு சேர்க்கலாமா?

பதில் 1:

காசு சேர்ப்பது இருக்கட்டும். முதலில் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்வது பெட்ஸ்வால் (உருவப்படத்துக்கென்று வந்த பழைய லென்ஸ்) வகையாகத்தான் தெரிகிறது. பிளவு இல்லாததால் மேஜிக் லாந்தரிலிருந்து (திரையில் படம் காட்டும் பழைய விளக்கு) வந்ததாக இருக்கலாம். அது குறையே இல்லை.

பெட்ஸ்வால் நடுவில் நன்றாகவே கூர்மை தரும். நடுவே மங்கினால், யாரோ துடைக்கக் கழற்றிவிட்டு மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். முன்னால் இரண்டு கண்ணாடி ஒட்டியிருக்கும். பின்னால் இரண்டும் தனித்தனி, நடுவில் ஒரு வளையம். தகட்டை ஒட்டிக் கடைசியில் வரவேண்டியது இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடி. அதற்கு முன்னால் நடு மெலிந்த கண்ணாடி, அதன் குழிந்த பக்கம் தகட்டைப் பார்த்து. டால்மேயர் 1866-இல் கொண்டுவந்த வகையில் மட்டும் இந்த வரிசை தலைகீழ். கழற்றும்போதே ஓரத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

முன் ஜோடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் பால்சம் (இரண்டு கண்ணாடியையும் ஒட்டும் பிசின்) விட்டுக்கொண்டிருக்கிறது. ஓரத்தோடு நின்றால் கவலை வேண்டாம். பால்சம் மஞ்சளாகியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். கொலோடியனுக்கு (தகட்டில் பூசும் ரசாயனம்) நீலமும் புற ஊதாவும்தான் தெரியும், மஞ்சள் அதைத்தான் தின்றுவிடும்.

பதில் 2:

எதற்கு இந்தத் தலைவலி? ரேபிட் ரெக்டிலினியர் என்ற பழைய லென்ஸ் ஒன்று பாருங்கள். f/8 (f எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்), மூலை வரை கூர்மை, மலிவாகவும் கிடைக்கும்.

பதில் 3 (பதில் 1 எழுதியவர்):

நல்ல லென்ஸ்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது நிலக்காட்சிக்கும் கட்டடத்துக்கும். f/4-இல் 4 விநாடி போதும் என்றால் f/8-இல் 16 விநாடி. 16 விநாடி கண் சிமிட்டாமல் பார்க்கச் சொன்னால் முகம் கல்லாகிவிடும். கழுத்துக்குப் பின்னால் தாங்கி வைத்தாலும் கண்ணில் உயிர் நிற்காது. பெட்ஸ்வால் பிறந்ததே இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான். 1840 வாக்கில் கேமராக்களில் இருந்தவை f/16 போன்ற லென்ஸ்கள். யோசெப் பெட்ஸ்வால் வியன்னாவில் கணக்குப் போட்டுக் கொடுத்து ஃபாய்க்ட்லாண்டர் நிறுவனம் செய்தது சுமார் f/3.6. வெளிச்சம் ஏறக்குறைய 20 மடங்கு. உருவப்படம் ஒரு தொழிலாக நின்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மூலை மங்குவதும் பின்னணி சுழல்வதும் அதற்குக் கொடுக்கும் விலை. எனக்கு அது பிடிக்கும். கூர்மையான கண்ணிலிருந்து காதுக்குள் பார்வை கரைந்துபோகும் அந்த இடத்தை வேறு எந்த லென்ஸிலும் இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: கண்ணைத் தகட்டின் நடுப்பக்கமாகவே வையுங்கள். குவியப் பரப்பு (பிம்பம் கூர்மையாக விழும் தளம்) வளைந்தது, முகத்தை ஓரத்துக்குத் தள்ளினால் கண் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி சார். நடு மெலிந்த கண்ணாடிதான் கடைசியில் இருந்தது. மாற்றிப் போட்டதும் இமை முடி எண்ணலாம் போல இருக்கிறது! இது டால்மேயர் வகையாக இருக்காதே? அப்புறம், குவிய நீளத்தை எப்படி அளப்பது? ஸ்டாப் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில் 4 (பதில் 1 எழுதியவர்):

மாற்றியதும் கூர்மை வந்துவிட்டதால் பழைய பெட்ஸ்வால் வரிசைதான், சந்தேகமில்லை. ஒரு அளவுகோலை முன்னால் நிறுத்தி, கிரவுண்ட் கிளாஸில் அது அதே அளவில் விழும் வரை நகர்த்துங்கள். அளவுகோலுக்கும் கிளாஸுக்கும் உள்ள தூரத்தில் கால்வாசி ஏறக்குறைய உங்கள் குவிய நீளம். 20 செ.மீ. வந்தால் திறந்த நிலையில் f/4, 4×5-க்கு அளவான லென்ஸ்.

ஸ்டாப்புக்குக் கறுப்பு அட்டை போதும். குழலின் உள்விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, நடுவில் 36 மி.மீ. துளை போட்டு, முன் பின் கண்ணாடிகளுக்கு இடையில் வையுங்கள். f/5.6-ஐவிடக் கொஞ்சம் திறந்தே இருக்கும், ஏனென்றால் முன் கண்ணாடி அந்தத் துளையைப் பெரிதாக்கிக் காட்டும். ஷட்டருக்கு லென்ஸ் மூடியே போதும். பித்தளையை மட்டும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள், பழைய லேக்கர் பூச்சு போனால் திரும்ப வராது.