தம்பி தீயணைப்பு வேலையில் நிரந்தரமாகச் சேரலாமா?

ஈசூன் அக்கா:
தம்பி இங்கே சிங்கப்பூரில் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையைத் தீயணைப்பு நிலையத்தில் செய்கிறான். முடிந்ததும் அதையே வேலையாக எடுத்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். 2022 டிசம்பரில் ஹெண்டர்சன் சாலை அடுக்குமாடி புளோக்கில் தீயணைக்கப் போன தேசிய சேவையாளர் இறந்ததை அம்மாவால் மறக்க முடியவில்லை, வேண்டவே வேண்டாம் என்கிறார். உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன், இது குடும்பம் நடத்தத் தோதான வேலையா?

ரோட்டா மூன்று:
அக்கா, நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். அம்மாவின் பயம் நியாயமானது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் இரண்டையும் பார்க்கும் எங்கள் குடிமைத் தற்காப்புப் படையில் தீயணைப்புப் பணியின்போது உயிரிழந்த முதல் வீரர் அவர், எங்களுக்கு அந்த வலி இன்னும் போகவில்லை. ஆனால் தினமும் நெருப்புக்குள் குதிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், 995 அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஆம்புலன்சுக்குத்தான். தீ என்றால் அடுப்பில் வைத்து மறந்த வாணலி, குப்பைக் குழாயில் புகைச்சல், அப்புறம் மின்ஸ்கூட்டர் பேட்டரி. இந்தக் கடைசி ஒன்றுதான் எனக்குக் கவலை, இரவில் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், பற்றிக்கொண்டால் வெளியே வர வழியே அடைபட்டுப் போகிறது. புகைக்குள் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு, கூட்டாளியை விட்டுப் பிரியாமல், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இந்த வெக்கையில் அந்தத் தடித்த உடுப்போடு மாடிப்படி ஏறுவதற்கே உடம்பு வேண்டும், அதை வருஷக்கணக்கில் விடாமல் பேண முடியுமா என்று தம்பி யோசிக்கட்டும்.

மீனா, காக்கி புக்கிட்:
என் வீட்டுக்காரருக்கும் இதே வேலை. 24 மணி நேரம் பணி, 48 மணி நேரம் ஓய்வு என்பது தம்பிக்குத் தெரிந்ததுதான், ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் அது வேறு மாதிரி. தீபாவளி பணி நாளில் விழுந்தால் விழுந்ததுதான், நாங்கள் மறுநாள்தான் கொண்டாடுவோம். அதே சமயம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சந்தை எல்லாம் ஓய்வு நாளில் அவர்தான், ஆபீஸ் போகும் என் அண்ணனுக்கு அது கிடைப்பதில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை அடிபட்ட விபத்துக்குப் போய் வந்தால் பேசவே மாட்டார். நானும் கிளற மாட்டேன், சோறு போட்டுத் தூங்க விடுவேன்.

ஈசூன் அக்கா:
நன்றி. மனசில் அடைத்து வைப்பதுதான் எனக்கும் பயம், தம்பியும் அந்த ரகம். படையில் பேச ஆள் உண்டா?

ரோட்டா மூன்று:
உண்டு அக்கா. உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆலோசனைப் பயிற்சி பெற்ற சக வீரர்களும் இருக்கிறார்கள். சேரும்போதே இதைத் தம்பியிடம் சொல்லிவையுங்கள். அம்மாவை ஒரு சனிக்கிழமை காலை நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், பொதுமக்கள் வந்து பார்க்கலாம். கேட்க நினைப்பதை நேரிலேயே கேட்கட்டும்.