பெஞ்ச் உயரத்துக்கு விலக்கு கேட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, அவசரம்

குவாரி புதியவன் (13 ஜூன் 2018, புதன், காலை 9.10)
வணக்கம். எங்கள் குவாரியில் பெஞ்ச் (குழியின் பக்கச்சுவரில் படிபோல வெட்டும் அடுக்கு) உயரத்தைக் கூட்டிக்கொள்ளப் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு கேட்டு எழுதியிருந்தோம். ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. எந்தப் படிவம், என்னென்ன இணைக்க வேண்டும்? திங்கட்கிழமைக்குள் மறுபடி அனுப்ப வேண்டும் என்கிறார் முதலாளி.

அளவைக்காரர் (9.32)
என்ன கல்? இப்போது உயரம் எவ்வளவு, கேட்டது எவ்வளவு? அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது? அதைச் சொல்லாமல் யார் எப்படி உதவ முடியும்?

செங்கல்மேடு (9.50)
சிறிய குவாரிக்கு விலக்கே தேவையில்லை. 1952 சுரங்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டடக் கல், ஜல்லிக்கல் குவாரிகளுக்குப் பெரும்பாலான பிரிவுகள் பொருந்தா. எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை.

தலைமை மேற்பார்வை (10.15)
பாதியைப் படித்துவிட்டு அறிவுரை சொல்லாதீர்கள். ஆழம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது, எந்த நாளிலும் ஆட்கள் 50 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சலுகை. பெஞ்ச் உயரத்துக்கே விலக்கு கேட்கிறவரின் குழி 6 மீட்டருக்குள் நிற்குமா? கேள்வி கேட்டவருக்கும் சொல்கிறேன்: 1961 உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளில் திறந்த குழிகளைப் பற்றிய 106ஆம் விதியை ஒரு முறையாவது படித்துவிட்டு வாருங்கள். குவாரி நடத்த வந்தவருக்கு அது அரிச்சுவடி.

குவாரி புதியவன் (11.40)
சாதாரண கருங்கல். பெஞ்ச் உயரம் இப்போது 6 மீட்டர், 9 மீட்டர் கேட்டோம். வெடி உண்டு.

அளவைக்காரர் (11.52)
குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. நான் பார்த்தவரை பாதி விண்ணப்பங்கள் வரைபடத்தில்தான் விழுகின்றன. குறுக்குவெட்டு வரைபடத்தில் பாறையின் விரிசல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று காட்டுங்கள். துளையின் ஆழம், வெடிக்கும் முறை, அருகிலுள்ள வீடும் சாலையும் எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும். பொக்லைனின் கை எட்டாத உயரத்தைக் கேட்டால் தளர்ந்த கல்லை எப்படித் தட்டி இறக்குவீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள்.

ஓய்வு மேட் (12.30)
தம்பி, படிவம் இருக்கட்டும். ஏன் 9 மீட்டர்? நான் முப்பது வருடம் குழியில் நின்றவன். மழை முடிந்து நான்காம் நாள், வெயில் அடிக்கும்போது பக்கச்சுவர் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். விரிசலில் இறங்கிய தண்ணீர் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே நின்ற பையனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விலக்கு என்றால் விதியிலிருந்து விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விதி தந்த பாதுகாப்பை வேறு எந்த வழியில் தரப்போகிறீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

செங்கல்மேடு (12.48)
இப்படிப் பயமுறுத்தினால் யாரும் தொழில் செய்ய முடியாது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் அகலம் விட்டுக்கொண்டே போனால் சிறிய குத்தகையில் அடியில் எடுக்கக் கல்லே மிஞ்சாது.

ஓய்வு மேட் (1.05)
கல் மிஞ்சாவிட்டால் குத்தகையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு ஆளின் தலைக்கு மேல் சுவரை உயர்த்தாதீர்கள்.

தலைமை மேற்பார்வை (1.20)
இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். புதியவரே, விண்ணப்பத்தை எந்த அலுவலகத்துக்கு அனுப்பினீர்கள்? குத்தகை மாநில அரசுடையது. சுரங்கப் பாதுகாப்பு மத்திய அரசின் இயக்குநரகத்துடையது. தலைமையகம் தன்பாத்தில், நமக்கு மண்டல அலுவலகம் சென்னையில். அங்கீகரித்த சுரங்கத் திட்டத்தில் என்ன உயரம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதில் 5 மீட்டர் என்று இருந்தால், இப்போதுள்ள 6 மீட்டருக்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அளவைக்காரர் (14 ஜூன், காலை 8.15)
புதியவரே, என்ன ஆயிற்று?

குவாரி புதியவன் (18 ஜூன், இரவு 7.05)
மன்னிக்கவும், அலைச்சல். மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்குத்தான் அனுப்பியிருந்தேன். குறிப்பில் 'உரிய அலுவலகத்தை அணுகவும்' என்று இருந்தது. குறுக்குவெட்டு வரைய வந்தவர் வடமேற்கு மூலையில் விரிசல் வழியே நீர் கசிவதைக் காட்டினார். அந்த மூலையை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டோம். சென்னைக்கு இன்னும் அனுப்பவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஓய்வு மேட் (இரவு 7.20)
அந்த மூலையில் வேலையை நிறுத்திவிட்டீர்களா, தம்பி?

ஓய்வு மேட் (20 ஜூன், காலை 6.40)
பதில் போடுங்கள்.