3.3 கிராம் 3.3000000000000003 ஆன கதை: போஸ்ட்கிரெஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு நகைக்கடையின் இருப்புக் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை 11-ஆம் பதிப்பிலிருந்து 15-க்கு மாற்றினோம். மறுநாளே கடையிலிருந்து போன். 1.1 கிராம் மோதிரமும் 2.2 கிராம் தோடும் சேர்ந்து ரசீதில் 3.3000000000000003 என்று வருகிறதாம். தங்கமாயிற்றே, வாடிக்கையாளர் சும்மா விடுவாரா!

எடை நெடுவரிசையின் வகை டபுள் பிரிசிஷன், அதாவது தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வகை. (நான் வைத்ததில்லை, எனக்கு முன்னால் இருந்தவர் செய்த புண்ணியம்.) தேடியதில், 12-ஆம் பதிப்பு முதல், இத்தகைய எண்களை எத்தனை இலக்கம் வரை காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ்ட்ரா_ஃப்ளோட்_டிஜிட்ஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 0-இலிருந்து 1 ஆகிவிட்டது என்று தெரிந்தது. முன்பு 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டது, இப்போது உள்ளே இருப்பதை அப்படியே கொட்டுகிறது. சரி என்று டேட்டாபேஸ் அளவிலேயே 0 ஆக்கினேன். போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் அழகாக 3.3 வருகிறது. ஜாவா செயலி வழியாகப் போனால் மறுபடி அதே வால்! ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரே இணையும்போது அந்த மதிப்பை மாற்றி அனுப்புகிறதோ?

இரண்டு தசம இடத்துக்குச் சுருக்க ரவுண்ட் ஃபங்ஷனில் 2 என்று கொடுத்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. தசமத்தைத் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகைக்கு மாற்றிக் கொடுத்தால்தான் கேட்கிறது. நாற்பதுக்கும் மேல் வினவல்கள், எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டுமா? இல்லை, நெடுவரிசையையே நியூமெரிக் 10,3 (மொத்தம் 10 இலக்கம், அதில் 3 தசம இடம்) ஆக்கிவிடலாமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், பழைய தரவு மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.