புழலில் மனு பார்க்கப் போன அன்று

வியாசை கீப்பர்:
எங்கள் வியாசர்பாடியில் முல்லை நகர் மைதானம் என்றால் கால்பந்து. அப்பா குடி, எட்டாவதோடு படிப்பு நின்றது, 15 வயதில் நானும் கூட்டாளியும் கஞ்சாப் பொட்டலம் கைமாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கோச் அண்ணன், "கோலுக்கு ஆள் இல்லடா, வா" என்று தெருமுனையில் நின்ற என்னை இழுத்துப் போனார். கூட்டாளி அப்போது லாரித் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். நான் இன்று வெல்டர், அவன் புழல் சிறையில்.

போன மாதம் மனு பார்க்க, அதாவது மனு கொடுத்துச் சிறையில் அவனைப் பார்க்கப் போனேன். ஆளாளுக்குக் கத்துகிற இரைச்சல். ஜாமீன் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். "மச்சி, இப்ப கீப்பர் யாரு?" என்றான். ஒருநாளும் மைதானத்துக்குள் கால் வைக்காதவன். எனக்குப் பேச்சே வரவில்லை.

காசிமேடு அக்கா:
"அவ்வளவுதான் வித்தியாசம்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. அண்ணன் கூப்பிட்டார், சரி. மறுநாள் நீங்களாகத்தானே போனீர்கள்? 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண். ஒருநாள் ஆட்டத்திலா அது வந்தது? என் தம்பியும் போதை மாத்திரையை விட்டது கேரம் கிளப்பில்தான். முதல் மாதங்களில் ஸ்ட்ரைக்கரே நிற்காது. போர்டு பவுடரில் அவன் விரல் நடுங்கிய கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பழைய வண்ணை:
19 வயதில் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். போலீஸ் வெரிஃபிகேஷன் என்றதும் பாதி எழுதிய பாரத்தை மேஜையிலேயே விட்டு ஓடிவந்தேன். 16 வயதில் ஒரு செல்போன் திருட்டு வழக்கு இருந்தது.

ஓடியிருக்கவே வேண்டாம். 18 வயதுக்குள் நடந்த சிறு குற்றத்தால் வேலைக்குத் தகுதி போகாது, 2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆவது பிரிவு. முடிந்த வழக்கை நடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியில் சொல்லவும் கூடாது, 74-ஆவது பிரிவு. அப்புறம், எட்டாவது பாஸ் என்றாலே ஐ.டி.ஐ.யில் வெல்டர் சேரலாம், ஒரே வருடம். வயர்மேன் இரண்டு வருடம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வியாசை கீப்பர்:
அண்ணா, கூட்டாளிக்கு இப்போது 27 வயது. இந்த வழக்கில் அந்தச் சட்டம் அவனுக்கு உதவாது.

அக்கா, மறுநாள் நானாகத்தான் போனேன். அன்றைக்கு அவன் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. தெருமுனையில்தான் நின்றான். நான் கூப்பிடவில்லை.