கிழமைப் பாட்டுகள்: ரெக்கார்டோடு வாசித்தால் ஏன் ஒட்டுவதில்லை?

தி க்யூர் இசைக்குழுவின் ‘ஃப்ரைடே ஐம் இன் லவ்’ (1992). பல்லவியும் சரணமும் டி, ஜி, ஏ, பி மைனர் கார்டுகளுக்குள் முடிந்துவிடும். ஆனாலும் ரெக்கார்டோடு சேர்த்து வாசித்தால் இடிக்கும். கிடார்மேல் சந்தேகப்பட வேண்டாம். பாடகர் ராபர்ட் ஸ்மித் டேப்பின் வேகத்தை மாற்றும் வாரிஸ்பீடைத் திருகிப் பார்த்துவிட்டு அணைக்க மறந்ததில், பாட்டு டி-க்கு, அதாவது ரெண்டு கட்டைக்கு மேலே கால் கட்டை ஏறி நிற்கிறது. கிடார் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போ போட்டால் அரைக் கட்டை ஏறிவிடும், அதுவும் உதவாது. பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து ‘சேஞ்ச் பிட்ச்’சில் மைனஸ் 0.5 செமிடோன் (கால் கட்டை) கொடுங்கள், டி-யில் வந்து உட்காரும்.

*

யூ2-வின் ‘சண்டே ப்ளடி சண்டே’ (1983) இதற்கு நேர் எதிர். விரல் பி மைனரில் இருக்கும், ஒலிப்பது பி ஃபிளாட் மைனர். ஆறு தந்தியையும் அரைக் கட்டை இறக்க வேண்டும். 9 கேஜ் என்ற மெல்லிய தந்தி என்றால் இறக்கியதும் தொளதொளவென்று ஆகி, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறும். 10 அல்லது 11 போடுங்கள். டிரம்ஸுக்கு மைக்கை ஒட்டி வைத்தால் மட்டும் அந்த ஓசை வராது; லாரி மல்லனின் டிரம்ஸை டப்ளினில் ஸ்டுடியோவின் மாடிப்படி அடியில் வைத்துப் பதிவு செய்தார்கள். தள்ளி இன்னொரு மைக் வையுங்கள்.

இதை லீவு நாள் பாட்டுப் பட்டியலில் சேர்க்கிறவர்களுக்கு: 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரியில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்ட ஞாயிறு அது.

*

நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’யில் (1983) சிக்கல் சுருதியில் இல்லை, தாளத்தில். காலால் அடிக்கும் கிக் டிரம் இங்கே ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷினில் புரோகிராம் செய்தது. நிமிடத்துக்கு 130 தாளம் என்ற வேகத்தில் அது பதினாறாம் பங்காகப் பொரியும்போது நொடிக்கு எட்டரை அடிக்கு மேல். ஒற்றைப் பெடலில் கால் சோர்ந்து அடிகள் ஏறி இறங்கும். டபுள் பெடல் வேண்டும், இல்லையென்றால் தட்டினால் பதிந்த ஒலி தரும் சாம்பிள் பேட்.

சிந்தசைசர் மெலடி கொஞ்சம் விலகிக் கேட்கிறதே என்று குவான்டைஸ் செய்து, அதாவது ஸ்வரங்களைத் தாளத்தோடு பொருத்தி, நேராக்காதீர்கள். குழுவின் கில்லியன் கில்பர்ட், ஏற்றிய ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்ஸரில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கையால் ஏற்றியபோது ஒன்று விடுபட்டது. அந்த விலகல்தான் பாட்டே. நேராக்கினால் லிஃப்ட் மியூசிக்.

*

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ரூபி டியூஸ்டே’ (1967) பேஸ் ஒரே ஆளால் வரவில்லையா? ரெக்கார்டிலும் ரெண்டு பேர்தான். நிற்க வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் பில் வைமன் தந்தியை அழுத்த, கீத் ரிச்சர்ட்ஸ் வில் போட்டார்.